ஐந்தாம் குரலுக்கு ஒரு திருத்தம்

ஓசிமோவில் தென்மேற்கிலிருந்து சூடாக ஒரு காற்று வரும். கார்பினோ என்று பெயர். அது வீசுகிற நாட்களில் தலை வலிக்கும், துணி காய்ந்து விறைத்துப்போகும், புருஷனும் பெண்டாட்டியும் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம். அப்படிப்பட்ட காற்றின் பெயரை ஒரு இசைக்கருவிக்கு வைத்தவர்களின் புத்தியைப் பற்றி நசரேனா சிங்கோலானிக்கு நாற்பது வருஷமாக ஒரே அபிப்பிராயம்தான். அதை வெளியே சொல்வதில்லை. அந்தக் கருவிக்குள் ஓடுகிற நிரலை எழுதியது அவள்தான்.

கார்பினோ-6 என்ற அந்த சிந்தசைசரை ஓர்சலானி கம்பெனி 1983இல் கொண்டுவந்தது. மொத்தமே தொள்ளாயிரத்துச் சொச்சம் செய்தார்கள். ஒரே நேரத்தில் ஆறு சுரங்களை அழுத்தலாம். ஒவ்வொரு சுரத்துக்கும் தனியாக ஒரு மின்சுற்று. அதைத்தான் குரல் என்பார்கள். சூடு ஏற ஏற மின்சுற்றின் சுருதி நழுவும். நழுவுவதை அளந்து, காதைத் திருகித் திரும்ப இடத்தில் நிறுத்துவதற்கு உள்ளே விரல் நகம் அளவில் ஒரு சிப். அதற்கான நிரலை எழுதியபோது நசரேனாவுக்கு இருபத்து நாலு வயது. பிராங்பர்ட் கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருந்தது. முதலாளியின் மைத்துனர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் புகையில், ஐந்தாம் குரலை எவ்வளவு திருக வேண்டும் என்பதற்கு 271 என்று அடிக்கவேண்டிய இடத்தில் 217 என்று அடித்துவிட்டாள்.

கண்டுபிடித்தது கண்காட்சி முடிந்த பிறகு. கருவி இருபது நிமிஷம் ஓடிச் சூடானதும் ஐந்தாம் குரல் மட்டும் மற்ற ஐந்தோடு சேராமல் மயிரிழை விலகி நிற்கும். "யாருக்குக் கேக்கப்போகுது?" என்றார் மைத்துனர். நாலு வருஷத்தில் கம்பெனியே மூடிக்கொண்டது. நசரேனா அங்கோனா தண்ணீர் வாரியத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்து, முப்பது வருஷம் எந்த எண்ணையும் மாற்றி அடிக்காமல் வேலை பார்த்து ஓய்வுபெற்றாள். ஆனாலும் எப்போதாவது பல் தேய்க்கும்போது அந்த 217 ஞாபகத்துக்கு வரும். வந்தால் வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொள்வாள்.

சிப்பில் மிச்சமிருந்த காலி இடத்தில் விளையாட்டாக அவள் தன் பெயரின் முதலெழுத்துகளையும் ஊர்ப்பெயரையும் எழுதி வைத்திருந்தாள். இங்கிலாந்தில் ஒருவன் சிப்பைப் பிரித்துப் படித்து அதைக் கண்டுபிடித்து ஓசிமோ நகராட்சிக்குக் கடிதம் போட, நகராட்சியில் இருந்த ஒருத்தி அதைக் கொண்டுவந்து இவள் வீட்டில் கொடுத்தாள். தொள்ளாயிரத்தில் ஒரு அறுநூறு கருவிகள் உலகம் முழுக்க உயிரோடு இருக்கின்றன, வைத்திருப்பவர்கள் அவற்றைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் புது நிரல் எழுதினாள். இரண்டாம் பதிப்பு. ஒலிகளைச் சேமித்து வைக்க நாற்பத்தெட்டுக்கு மேல் கூடுதல் நினைவிடம், கணினியோடு இணைக்கும் வசதி. ஐந்தாம் குரல் பக்கம் மட்டும் அவள் போகவில்லை. அந்தப் பக்கத்தைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

கடிதப் போக்குவரத்து முழுக்க டுய்லியோவின் பொறுப்பு. அவள் புருஷன். நசரேனாவுக்கு ஆங்கிலம் நிரல் எழுதுகிற அளவுக்கு மட்டும் தெரியும். டுய்லியோ முப்பத்தொரு வருஷம் லொரேத்தோ மாதா கோயிலுக்கு வெளிநாட்டு யாத்திரிகர்களைப் பேருந்தில் ஏற்றிப்போனவன். அவனுடைய ஆங்கிலம் அத்தனையும் அந்தப் பேருந்தில் பொறுக்கியது. காலையில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, வந்திருப்பதைப் படித்து அவளுக்குச் சொல்வான். அவள் பதில் சொல்வாள். அவன் தட்டச்சு செய்வான். ஆறு வருஷமாக இப்படித்தான் நடந்தது. ஒரு மனஸ்தாபம் கிடையாது.

அறுபத்தைந்தாவது வயதில் நசரேனா துணிந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். 217ஐ 271 ஆக்கினாள். இரண்டு இலக்கம்தான். ஆக்கிவிட்டு, வீட்டில் இருந்த கார்பினோவை ஒரு மணி நேரம் சூடாக்கி ஆறு சுரத்தையும் அழுத்தினாள். ஆறும் ஒன்றாக, நேராக, ஆணி அடித்த மாதிரி நின்றன. அன்றைக்கு அவள் பல் தேய்த்தபோது பாட்டுப் பாடினாள்.

மூன்றாம் பதிப்பு சிப்பில் ஏறி, தபாலில் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு வாரத்தில் கடிதங்கள் வந்தன.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

டுய்லியோ திரையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "சந்தோஷமாத்தான் இருக்காங்க."

"ஐந்தாம் குரலைப் பத்தி?"

"கவனிச்சிருக்காங்க."

"கவனிச்சுட்டு?"

"ரொம்ப... மாறியிருக்குன்னு சொல்றாங்க. உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க, நசரே. ஒருத்தன் அழுதேன்னு எழுதியிருக்கான்."

நசரேனாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நாற்பது வருஷத்துக் கறையைத் துடைத்ததற்கு எங்கோ முகம் தெரியாத ஒருவன் அழுகிறான். "நன்றின்னு எழுது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் டுய்லியோ மரப்பந்து உருட்டும் ஆட்டத்துக்குப் போனபோது கணினியை மூடாமல் போய்விட்டான். நசரேனா தட்டு துடைத்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு மரண அறிவிப்பு. ஊர்ச் சுவர்களில் ஒட்டுவார்களே, கறுப்புக் கரை போட்டு, சிலுவை வைத்து, அதே மாதிரி. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் இத்தாலிய மொழியிலேயே மெனக்கெட்டுச் செய்திருந்தான். "நம் அன்புக்குரிய ஐந்தாம் குரல், நாற்பதாவது வயதில், திருத்தத்தின் காரணமாகக் காலமானது. துக்கத்தில் வாடும்: மற்ற ஐந்து குரல்கள்."

தட்டைக் கீழே வைத்தாள். மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தாள்.

'உயிரை எடுத்துவிட்டார்கள்.' 'என் கார்பினோ இப்போது விமான நிலைய அறிவிப்பு மாதிரி பாடுகிறது.' 'நாற்பது வருஷம் சுவாசித்த ஒரு ஜீவனின் மூக்கைப் பொத்தியது யார்?' அழுதவன் அழுதது நிஜம்தான். ஆனால் ஆனந்தத்தில் அல்ல. கொலோன் நகரத்து வெண்டலின் என்று ஒருவர் பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டுப் பதினாலு பக்கம் எழுதியிருந்தார், வரைபடங்களோடு.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பதில்களில் இருந்தது. போன வருஷம் ஒரு அமெரிக்கன் சிப்பைத் தலைகீழாகச் செருகிக் கருகவிட்டுப் புகார் செய்தபோது, "கண்ணு தெரியாதவன் கையில கருவியைக் கொடுத்தது யாருன்னு கேளு" என்று நசரேனா சொன்னாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. போயிருந்த பதில் வேறு: 'அன்பு நண்பரே, உங்கள் துயரம் என் துயரம். இன்னொரு சிப் அனுப்புகிறேன். கடவுள் காப்பாற்றட்டும். படியைப் பார்த்து இறங்கவும்.' எல்லாப் பதில்களும் இப்படியே முடிந்தன. படியைப் பார்த்து இறங்கவும். உலகெங்கும் அறுநூறு பேர் அவளைப் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி ஒரு பெண்மணி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். சிலர் தங்கள் கடிதங்களையும் படியைப் பார்த்து இறங்கச் சொல்லியே முடித்திருந்தார்கள்.

டுய்லியோ ஜெயித்த களிப்பில் விசிலடித்துக்கொண்டு வந்தான். மேஜையைப் பார்த்ததும் விசில் நின்றது.

"ஆறு வருஷம்" என்றாள் நசரேனா.

"மொழிபெயர்ப்புன்னா கொஞ்சம் முன்னபின்ன இருக்கத்தான் செய்யும்."

"முன்னபின்னயா? இதுல 'பிணத்துக்குப் பவுடர் பூசின மாதிரி'ன்னு இருக்கு. நீ எனக்கு என்ன சொன்ன?"

"சுத்தமா இருக்குன்னு சொன்னேன்."

"டுயீ!"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? அவங்க சொல்றதை அப்படியே உனக்குச் சொல்லி, நீ சொல்றதை அப்படியே அவங்களுக்குச் சொல்லியிருந்தா, முதல் வருஷமே அறுநூறு பேரும் இந்த வாசல்ல வந்து நின்னிருப்பாங்க. பஸ்ஸுல ஐம்பது பேரை ஏத்திட்டுப் போறவனுக்குத் தெரியும். முன்னாடி இருக்கறவன் பேசறது பின்னாடி இருக்கறவனுக்குக் கேக்கக்கூடாது."

"இனிமே நானே எழுதறேன்."

எழுதினாள். செயலியின் உதவியோடு, சுருக்கமாக, தண்ணீர் வாரியத்துப் பாணியில். 'ஐந்தாம் குரலின் விலகல் ஒரு தட்டச்சுப் பிழை. 271க்குப் பதில் 217 என்று அடித்தது நான். அதற்கு வெட்கப்படுகிறேன். இப்போது சரிசெய்யப்பட்டிருக்கிறது. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.'

விவாதம் மூன்று வாரம் நடந்தது. அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார்கள் சிலர். இவ்வளவு காலம் அன்பாக எழுதியவருக்குத் திடீரென்று என்ன ஆயிற்று, வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று விசாரித்தார்கள் சிலர். இங்கிலாந்தில் ஏதோ கல்லூரியில் இசை ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர், பக்கத்து ஊரான காஸ்தெல்பிதார்தோ அக்கார்டியனுக்குப் பேர்போனது, அக்கார்டியனில் ஒரே சுரத்துக்கான இரண்டு உலோக நாக்குகளை வேண்டுமென்றே சற்று விலக்கிச் சுருதி சேர்ப்பது வழக்கம், அந்த மண்ணின் காது சின்யோரா சிங்கோலானியின் விரலுக்குள் தன்னையறியாமல் இறங்கியிருக்கிறது, ஆகவே அது பிழையே அல்ல என்று நிரூபித்திருந்தார்.

"எனக்கு அக்கார்டியன் சத்தமே ஆகாது" என்றாள் நசரேனா.

"மெதுவாப் பேசு" என்று டுய்லியோ எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். அந்த வட்டாரத்தில் அதைச் சத்தமாகச் சொல்வது அவ்வளவு நல்லதல்ல.

"தண்ணி வாரியத்துல ஒரு எண்ணை மாத்தி அடிச்சா மறுநாள் பாதி ஊருக்குக் குழாயில காத்துதான் வரும். தலையை எடுத்துடுவாங்க. இவங்களுக்கு மாத்தி அடிச்சா மண்ணின் காதுங்கறாங்க."

"சந்தோஷப்படேன்."

"நான் அடிச்ச தப்பை நான் தப்புன்னு சொன்னா, உனக்குத் தெரியாது போம்மாங்கறாங்க. இதுல எங்கேருந்து சந்தோஷப்படறது?"

அந்தப் பதினாலு பக்க வெண்டலினிடமிருந்து மட்டும் பதில் வேறு மாதிரி வந்தது. 'நீங்கள் சொல்வதை நம்புகிறேன். நேரில் பேச விரும்புகிறேன். கருவியோடு வருகிறேன்.' வரலாமா என்று கேட்கவில்லை. நசரேனா, 'வரவும்' என்று ஒரே வார்த்தை அனுப்பினாள். வந்தால் அவரை உட்காரவைத்து, கண்ணைக் கட்டி, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டி, ஒன்றும் கேட்காத காது என்று நிரூபித்துத் திருப்பி அனுப்புவதாகத் திட்டம். அதற்காகவே ஒரு சிறு பலகையில் இரண்டு சிப்பையும் பொருத்தி நடுவில் ஒரு பொத்தான் வைத்தாள். பொத்தானைத் தட்டினால் போதும், நொடியில் பழையது புதியதாகும்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, சரியாகக் கார்பினோ வீசுகிற அன்றைக்கு, அவர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, காது கொஞ்சம் பெரிசு. காரின் பின்சீட்டில் கார்பினோ-6 போர்வை போர்த்தி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. இளவயதில் கொலோனில் ஒரு இத்தாலியரின் ஐஸ்கிரீம் கடையில் நாலு கோடைக்காலம் வேலை பார்த்தவராம். அதனால் இத்தாலியன் சரளமாகப் பேசினார், ஆனால் வசவு எது, மரியாதை எது என்று தெரியாமல் பேசினார்.

"சின்யோரா, இந்தப் பன்னிக்குப் பொறந்த கருவியை எங்க வைக்கட்டும்?" என்று மிகப் பணிவாகக் கேட்டார்.

டுய்லியோவுக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

முதலில் சாப்பாடு. பகை வேறு, சாப்பாடு வேறு. கோழி ஈரல் போட்டு அடுக்கடுக்காகச் சுட்ட பாஸ்தா, பொரித்த ஆலிவ், வெர்டிக்கியோ ஒயின். வெண்டலின் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கருவி பக்கத்து அறையில் சூடாகிக்கொண்டிருந்தது. காபி குடித்ததும் நசரேனா எழுந்தாள்.

"கண்ணைக் கட்டணும்."

"கட்டுங்க."

"பத்துத் தடவை. நான் காசு சுண்டிப் பார்த்து மாத்துவேன். நீங்க வாசிச்சுட்டுச் சொல்லணும், பழசா புதுசான்னு."

"சரி."

இவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. சமையலறைத் துண்டால் கண்ணைக் கட்டினாள். கணக்கு வைக்க டுய்லியோ ஆலிவ் கொட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டான். வலது பக்கத் தட்டு சரி, இடது பக்கத் தட்டு தப்பு.

வெண்டலின் ஆறு விரலால் ஒரு அகலமான சேர்க்கையை அழுத்திப் பிடித்தார். இரண்டு மூச்சு விடுகிற நேரம். "பழசு" என்றார். சரி. அடுத்தது. "புதுசு." சரி. "புதுசு." சரி. ஐந்தாவதில் நசரேனா காசு சுண்டிவிட்டு, பொத்தானைத் தொடாமல் பலகையை மட்டும் தட்டினாள். "முன்னாடி இருந்ததேதான்" என்றார். எட்டாவதில் அழுத்தி முடிக்கும் முன்பே சொன்னார். பத்து முடிந்தபோது இடது பக்கத் தட்டில் ஒரு கொட்டையும் இல்லை.

வெளியே காற்று ஜன்னல் பலகையை அடித்துக்கொண்டிருந்தது. வெண்டலின் துண்டை அவிழ்த்து, நான்காக மடித்து, மேஜையில் வைத்தார். ஜெயித்த முகமே இல்லை.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள் நசரேனா. இவ்வளவு நேரம் கேட்காதது அப்போதுதான் உறைத்தது.

"காது கேக்காதவங்களுக்குக் கருவி பொருத்தறேன்."

டுய்லியோ சிரித்துவிட்டான். நசரேனா சிரிக்கவில்லை.

"ஆனா அது தப்பு" என்றாள். "உங்களுக்குப் புரியுதா? அழகுக்காக வச்சதில்ல. ஒரு ஆள் என் தலைக்குப் பின்னால புகை விட்டுட்டிருந்தான், நான் தப்பா அடிச்சுட்டேன்."

"தப்புதான்" என்றார் வெண்டலின். "நான் எங்க இல்லேன்னேன்? பதினாலு பக்கத்துல ஒரு இடத்துலயாவது அது சரின்னு எழுதியிருக்கேனா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். எழுதவில்லைதான்.

"எங்கிட்ட ஒரு பெரியவர் வந்தார்" என்றார் அவர். "காதை அளந்து, எந்த ஒலி எவ்வளவு கொறைச்சலோ அவ்வளவும் ஏத்தி, அப்பழுக்கில்லாம பொருத்தி அனுப்பினேன். மறுநாள் கோவமா வந்துட்டார். 'இது என் பெண்டாட்டி குரல் இல்ல'ங்கறார். அந்தம்மா பக்கத்துலயே நிக்கறாங்க. என்ன பண்றது? கொஞ்சம் கலைச்சு விட்டேன். இப்ப சரியா இருக்குன்னு போனார். அளவுப்படி பாத்தா தப்பு. நான் சீட்டுல தப்புன்னே எழுதி வச்சிருக்கேன்."

நசரேனா கருவியின் முன்னால் உட்கார்ந்து தானே அழுத்திப் பார்த்தாள். புதியது. பொத்தானைத் தட்டிப் பழையது. இத்தனை வருஷத்தில் அந்தப் பழைய சேர்க்கையை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஐந்தாம் குரலை மட்டும் பிடித்து, மற்றதை விட்டுவிட்டுக் கேட்டிருக்கிறாள். மொத்தமாகக் கேட்டதில்லை. மெதுவாக ஒரு அலை எழுந்து அடங்கி எழுந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"பழசுதான் நல்லா இருக்கு" என்றான் டுய்லியோ வாசற்படியிலிருந்து.

"உன்னை யாரு கேட்டா? முப்பத்தொரு வருஷம் டீசல் எஞ்சின் மேல உக்காந்திருந்த காது."

"அதனாலதான் சொல்றேன். நல்ல எஞ்சின் இப்படித்தான் முனகும்."

வெண்டலின் மறுநாள் காலை கிளம்பினார். மிச்சமிருந்த பாஸ்தாவை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். "நீங்க ரெண்டு பேரும் நாசமாப் போங்க" என்று நெகிழ்ச்சியோடு விடைபெற்றார். ஐஸ்கிரீம் கடை முதலாளி தினமும் அவரை அப்படித்தான் வழியனுப்புவாராம்.

நசரேனா நியாயம் தெரிந்தவள். அந்த மாதமே மூன்றாம் பதிப்பில் ஒரு வசதி சேர்த்து அனுப்பினாள். கருவியை இயக்கும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் 217; பிடிக்காவிட்டால் 271. யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?

கடிதங்கள் வந்தன. இப்போது டுய்லியோ எதையும் மாற்றாமல் படித்தான். அதுதான் ஒப்பந்தம்.

"'கேட்டுப் பெறும் சுவாசம் சுவாசமல்ல.'"

"அடுத்தது."

"'அழுத்திப் பிடிக்கையில் என் கட்டைவிரல் வலிக்கிறது. எனக்கு மூட்டுவாதம்.'"

"அடுத்தது."

"'217 என்பது சரி. 217தான் வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? 200இலிருந்து 300 வரை திருகிக்கொள்ள ஒரு குமிழ் வைத்தால் என்ன?' இன்னொருத்தர், 'மூன்றாம் குரல் தனிமையாக உணர்கிறது, அதற்கும் ஒரு பிழை தாருங்கள்'ங்கறார். இந்த ஆள் நம்ம கல்லூரிக்காரர். 'இந்தப் பொத்தானின் மூலம் ஒரு கலாசாரத்தின் ஆழ்மனம் வெறும் தேர்வாகச் சுருக்கப்பட்டுவிட்டது.'"

"போதும்."

"இன்னும் நாப்பது இருக்கு."

நசரேனா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். டுய்லியோ பீச் பழத்தை நறுக்கி ஒயினில் போட்டுக்கொண்டிருந்தான். "பேசாம பழசையே நம்பர் மாத்தி அனுப்பிடு" என்றான் விளையாட்டாக.

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அந்தப் பார்வையை டுய்லியோ நாற்பது வருஷமாக அறிவான். "நசரே, நான் சும்மா சொன்னேன்" என்றான். அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

நான்காம் பதிப்பு. இரண்டாம் பதிப்பை எடுத்தாள், திரையில் தெரியும் எண்ணை 2இலிருந்து 4 ஆக்கினாள். வேறு ஒரு புள்ளியைத் தொடவில்லை. ஆனால் பொய் சொல்ல அவளுக்கு வராது. கூடவே போன குறிப்பில் தெளிவாக எழுதினாள்: 'ஐந்தாம் குரல் பழையபடி 217. இது இரண்டாம் பதிப்பேதான். எண் மட்டும் புதிது. மூன்றாம் பதிப்பை வாங்கியவர்களுக்கு இலவசம்.'

அந்த மாதிரிப் பாராட்டு அவள் வாழ்க்கையில் வந்ததில்லை. தண்ணீர் வாரியத்தில் ஓய்வுபெற்ற அன்றைக்குக்கூட.

"'கடைசியில் நாங்கள் சொன்னதைக் கேட்டீர்கள். ஐந்தாம் குரல் திரும்பியது மட்டுமல்ல, முன்பைவிட ஆழமாக இருக்கிறது'" என்று டுய்லியோ படித்தான். "'கீழ் சுரங்கள் கெட்டிப்பட்டிருக்கின்றன. எப்படிச் செய்தீர்கள்?' இவர் நிரல் எழுதறவராம்: 'சுருதி சேரும் வேகம் இரண்டாம் பதிப்பைவிட இருமடங்கு, அளந்து பார்த்தேன்.'"

"என்னத்தை அளந்தான்?"

"'குறிப்பில் உங்கள் நகைச்சுவையை மிகவும் ரசித்தோம்.'"

"நகைச்சுவையா? நான் உண்மையைத்தானே எழுதினேன்!"

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்" என்றான் டுய்லியோ. "மரண அறிவிப்புப் போட்டவன் இப்ப உயிர்த்தெழுதல் வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கான். பாக்கறியா? ஈஸ்டர் முட்டையெல்லாம் வரைஞ்சிருக்கான்."

அவள் பார்க்கவில்லை. வெளியே போய்த் தக்காளிச் செடிக்கு ஏற்கெனவே ஊற்றிய தண்ணீரைத் திரும்பவும் ஊற்றினாள். திட்டியபோது கோபம் வந்தது; அதில் ஒரு தெம்பு இருந்தது. இந்தப் பாராட்டில் அதுகூட இல்லை. செய்யாத வேலைக்கு மாலை. செய்த வேலைக்குப் பாடை. வேறொருத்திக்கு வந்த கடிதங்களைத் தான் உடைத்துப் படிக்கிற மாதிரி இருந்தது. ஒரு வாரம் கணினி இருந்த அறைப் பக்கமே போகவில்லை. டுய்லியோ அவளுக்குக் கேட்காமல் முணுமுணுப்பாக எல்லாருக்கும் நன்றி எழுதினான்.

எட்டாவது நாள் காலை, பத்து மணி இருக்கும், அவன் கூப்பிட்டான். "உன் காதுக்காரர் எழுதியிருக்கார். இதை நீயே படிச்சுக்கோ."

வெண்டலின் இத்தாலிய மொழியிலேயே எழுதியிருந்தார், ஒன்றிரண்டு வசவுகளோடு.

'அன்புள்ள பிசாசே, நான்காம் பதிப்பு வந்தது. எண்ணைத் தவிர ஒன்றும் மாறவில்லை. எனக்கு அது போதும். குறிப்பை நம்பியவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. நான் எழுதுவது வேறு விஷயம். கால்பெடலை மிதித்தபடி 48ஆம் ஒலியிலிருந்து 49க்கு மாறினால், பெடலை விட்ட பிறகும் ஒரு சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கருவியை அணைத்தால்தான் நிற்கிறது. 48இலிருந்து 49 மட்டும்தான். இருபது தடவை செய்து பார்த்துவிட்டேன்.'

நசரேனா கார்பினோவைப் போட்டாள். பெடலை மிதித்தாள். 48, சுரம், 49. காலை எடுத்தாள்.

சுரம் நிற்கவில்லை. ஒற்றைச் சுரம், மாவாட்டும் யந்திரம் மாதிரி, வீடு முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது.

உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. இது 1983இல் நடந்ததல்ல. யாரும் புகை விடவில்லை, கண்காட்சி கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்பு, ஓய்வுபெற்ற நிம்மதியில், காபி குடித்துக்கொண்டே கூடுதல் நினைவிடம் சேர்த்தாளே, அந்தப் பழைய நாற்பத்தெட்டும் புதிய இடங்களும் ஒட்டுகிற இடத்தில் அவளே விட்ட ஓட்டை. ஆறு வருஷமாக அறுநூறு பேர் சுவாசம், ஆழ்மனம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பெடலை மிதித்தபடி 48இலிருந்து 49க்குப் போய்ப் பார்த்தவன் ஒருத்தன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. சுத்தமான, சந்தேகத்துக்கு இடமில்லாத, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய புகார்.

"என்ன சத்தம் அது?" என்று சமையலறையிலிருந்து டுய்லியோ கத்தினான்.

"தப்பு!" என்று சந்தோஷமாகத் திருப்பிக் கத்தினாள்.

நிரலைத் திறந்து அந்த வரிக்குப் போனாள். திருத்த விரலை வைத்தவள், அப்படியே நிறுத்தினாள். பட்டது போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். வெண்டலினுக்கு எழுதினாள்: 'நீங்கள் சொன்னது சரி. இருக்கிறது. தொடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்கிறேன். இது இருப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? மறைக்காமல் சொல்லவும்.'

அவர் அந்த நேரத்தில் கடையில் யாருக்கோ காதை அளந்துகொண்டிருந்திருக்க வேண்டும். இருந்தும் அஞ்சு நிமிஷத்தில் பதில் வந்தது.

'சின்யோரா, இது வெறும் தப்பு. திருத்தித் தொலையுங்கள்.'

நசரேனா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு வரியை அழித்து இரண்டு வரி எழுதினாள். புற ஊதா விளக்கின் கீழ் முன்பே அழித்து வைத்திருந்த சிப்பில் எழுதி, இடுக்கியால் எடுத்துச் செருகினாள். இதற்குள் மதியச் சாப்பாட்டுக்கான வெங்காயம் வதங்கும் வாசனை வந்துவிட்டது. பெடலை மிதித்து, 48, சுரம், 49. சுரம் வீடு நிறைய ஒலித்தது. காலை எடுத்தாள்.

"என்ன ஆச்சு?" என்றான் டுய்லியோ கரண்டியோடு எட்டிப் பார்த்து. "கெட்டுப்போச்சா?"

"இல்ல" என்றாள். "நின்னுடுச்சு."